அட்டை மட்டும் என்னோடது

"அட்டை மட்டுந்தான்வே என்னோடது. உள்ள கெடக்கது எவனோ எழுதுனது" என்று குமரகுருபரன் புத்தகத்தை மேசைமேல் விட்டெறிந்தார்.

எதிரே அச்சகத்துக்காரர் முகம்மது மைதீன் நின்றார். இதைக் கட்டிய அன்றைக்கு பைண்டிங்கில் வேறு புத்தகமே ஓடவில்லை, உள்பக்கம் மாறிப்போக வழியில்லை என்று பையச் சொல்லிப் பார்த்தார். புரூஃப் அனுப்பியபோது வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தட்டிவிட்டதே இவர்தான் என்பதையும் ஞாபகப்படுத்தினார். எழுத்தாளனுக்கு ஆயிரம் சோலி, புரூஃபை உக்காந்து வாசிப்பானா என்று குமரகுருபரன் அவர் வாயை அடைத்தார்.

தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். சும்மா இருக்க முடியாமல் நாவலாசிரியர் ஆகிவிட்டார். 'தில்லைநாயக விலாசம்' என்று தாத்தாவின் பெயரிலேயே நாவல். சீவலப்பேரிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருந்த தாத்தாதான் கதாநாயகர்.

புத்தகம் வந்ததிலிருந்து மனுசன் வீடு தங்கவில்லை. குறுக்குத்துறை ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு ஒரு ரீல், அல்வாக் கடைக் கூட்டத்தில் நாவலைத் தூக்கிப் பிடித்து ஒரு ரீல். பேத்தி காதுகுத்துக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு நாவலையும் போட்டு, வாங்கியவர்களை மண்டப வாசலிலேயே மறித்து ஆளுக்கொரு செல்ஃபி. தேங்காய் மறுநாளே சட்னியானது. நாவல் என்ன ஆனதோ, யாருக்குத் தெரியும்!

எழுத்தாளர்களை ஊருக்குத் தெரியவைப்பதற்கென்றே வண்ணார்பேட்டையில் அலுவலகம் வைத்திருந்த சுப்ரஜாதான் இதற்கெல்லாம் மூளை. இவர் கதையை வாய்ஸ் மெசேஜில் சொன்னதோடு சரி, மிச்சத்தை அந்தப் பெண் பார்த்துக்கொண்டாள். வேலை தெரிந்த பிள்ளை, பேச்சும் குறைவு.

இன்று சாயங்காலம் முகநூல் நேரலையில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டலாம் என்று நாவலை நடுவில் விரித்தபோதுதான் வினை. அங்கே யாரோ ஒரு பேச்சித்தாய் களை பறிக்கப் போகிறாள், டவுன் பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கிறாள். அங்கிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டியும் தாத்தாவைக் காணோம்.

கோபத்தில் மைதீனை வரவழைத்துத் திட்டித் தீர்த்தவருக்கு, கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள் குளுகுளுவென்று வந்தது. அப்படியானால் 'வாசித்தேன், நெகிழ்ந்தேன், உறங்கவில்லை' என்று எழுதிய பயல்களில் ஒருத்தன்கூடப் புத்தகத்தைத் திறக்கவில்லை! அத்தனை பேரும் சக எழுத்தாளர்கள். அவர்கள் நாவலை இவர் புகழ்ந்தார், இவர் நாவலை அவர்கள் புகழ்ந்தார்கள். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். இவரும் அவர்கள் நாவலைத் திறந்ததில்லை, அதை இப்போது யார் கேட்கப்போகிறார்கள்?

எல்லாரையும்விட அந்த ஸமீஹாமேல்தான் ஆத்திரம். பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியை. எழுத்தாளர் கூட்டத்தில் சேராத ஆள். தாத்தா செத்த இடத்தில் அழுதுவிட்டேன் என்று நீளமாக எழுதியிருந்தாள், நூறு பேர் அதைப் பகிரவும் செய்திருந்தார்கள். இவர் கதையில் தாத்தா சாகவே இல்லை. கடைசிப் பக்கத்தில் தொண்ணூறு வயதில் தேர்வடம் பிடிக்கிறார். பொய் சொல்லவும் ஒரு லட்சணம் வேண்டாமா?

நேரலையில் எல்லார் மானத்தையும் கப்பலேற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். நேரலைக்காக போனை ஸ்டாண்டில் பொருத்த வந்த சுப்ரஜா, விஷயம் கேட்டதும் முகம் வெளிறிப்போனாள். நேரலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், உள்ளே வந்தால் தனியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை கெஞ்சினாள். புகழ்ந்து எழுதியவர்களைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அச்சகத்துப் பேர மட்டும் சொல்லிராதிய அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிக்கைக்குக்கூட ஒருத்தரும் வர மாட்டாவ" என்றார் மைதீன். ஊர் முழுக்கத் தெரியட்டும் என்றுவிட்டார் குமரகுருபரன்.

நேரலை தொடங்கியது. இவர் ரீல்ஸை ஒருநாளும் பாராதவர்களெல்லாம் சண்டை என்றதும் வந்து குவிந்தார்கள். குமரகுருபரன் அச்சகத்தைப் பெயர் சொல்லிக் கிழித்தார், விமர்சகர்களை வரிசையாகக் கிழித்தார். ஸமீஹாவை 'படித்த பொய்க்காரி' என்றார். பேச்சித்தாய் பக்கத்தை மூக்கால் வாசித்து, இந்தக் குப்பையைத்தான் என் எழுத்து என்று கொண்டாடியிருக்கிறார்கள் என்று சிரித்தார்.

கீழே ஸமீஹாவின் பதில் வந்து விழுந்தது. முழுசா வாசித்துத்தான் எழுதினேன், என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டிருந்தாள். அதற்கும் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக ஏறின. சுவரோரமாக நின்ற மைதீன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சுப்ரஜா அந்தப் பதிலையும் பார்த்தாள், மைதீனையும் பார்த்தாள்.

"ஏம்மா, நீயே முன்னால வந்து சொல்லு. எங்கூடவே நின்னு வேல பாத்தவ நீ. இது என் நாவலா?" என்று குமரகுருபரன் அவள் கையைப் பிடித்து போனுக்கு முன்னால் நிறுத்தினார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க நாவல்தான் சார். எழுதும்போது தாத்தாவ மொத அத்தியாயத்துலயே நான் கொன்னுட்டேன்."