வயிற்றில் கிடைத்தவை

வால்ரஸுக்குப் பழங்கால உறவான விலங்கின் எலும்புக்கூட்டுக்கு விவரச்சீட்டு எழுதினார் அருங்காட்சியகக் காப்பாளர்: "வயிற்றில் கிடைத்த சிறு எலும்புகள்: இரை."

"வயித்துலன்னா எல்லாமே சாப்பாடுதானா சார்?" என்றாள் எலும்புகளைச் சுத்தம் செய்பவள். "இது கீழ்வயிறு. தாடையைப் பாருங்க, அம்மாவை உரிச்சு வெச்சிருக்கு. குட்டி சார்!"

லென்ஸ் வைத்துப் பார்த்தார். உண்மைதான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"கண்ணு கூர்மைதான். கைதான் சோம்பல். ஒரு வாரமா எலும்பு ஒட்டுற பசை டப்பாவையே தொடலையே?"

"வாடை ஒத்துக்கல சார்."

"பத்து வருஷமா ஒத்துக்கிட்ட வாடை இப்ப மட்டும் ஏன்..."

பாதியில் நிறுத்தினார். அவள் கை தன் வயிற்றின் மேல் இருந்தது.

தன் நாற்காலியை அவளிடம் நகர்த்திவிட்டு, நின்றபடியே புதுச்சீட்டு எழுதினார்: "தாயும் சேயும்."

"கூடவே 'நலம்'னும் போடலாமே சார்?" என்று சிரித்தாள்.

"அதை உனக்காக எடுத்து வெச்சிருக்கேன்மா."