புளூயிக்கு வரி புரியவில்லை

அந்த ஆளுக்கு மண்டையில் இருப்பது மூளை இல்லை, வெங்காயம்தான் என்று ஜேனீன் முடிவு கட்டிவிட்டாள்.

பேச்சு நடந்ததும் வெங்காயக் கிடங்கில்தான். டாஸ்மேனியாவின் வடகரையில், வெங்காயத்தைத் தரம் பிரித்து மூட்டை கட்டும் இடம். ஜேனீன் மணமுறிவுக்குப் பிறகு மெல்போர்னை விட்டு வந்து இங்கே சம்பளக் கணக்குப் பார்க்கிறாள். சம்பளத்தில் பிடித்தம் போடுகிறவளோடு யார் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்? இடைவேளையில் எல்லாரும் பெரிய மேசையைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மூலை மேசையில் தனியாக சாண்ட்விச் மென்றுகொண்டிருப்பாள்.

வியாழக்கிழமைகளில் மட்டும் ஒருவர் கோப்பையோடு எதிரே வந்து உட்காருவார். பெயர் புளூயி. செம்பட்டைத் தலைக்காரனை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீலத்துக்கும் செம்பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. தலை எப்போதோ நரைத்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

வாராவாரம் ஒரே கேள்வி.

"ஏன் கண்ணு, சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்தா சம்பளம் கூடும். சம்பளம் கூடினா வரி அடுத்த படிக்குப் போயிடும். அப்போ கைக்கு வர்றது முன்னைவிடக் குறைஞ்சுதானே போகும்?"

ஊரில் பாதிப் பேருக்கு இது வேதவாக்கு.

"குறையவே குறையாது புளூயி. கூடுதலா வர்ற காசுக்குத்தான் கூடுதல் வரி. டாலருக்கு முப்பது சென்ட் போகும், மிச்சம் உங்களுக்கு. பழைய சம்பளத்தை யாரும் தொட மாட்டாங்க." மேசையில் கிடந்த ஒரு வெங்காயத்தை எடுத்துக் காட்டினாள். "இந்த மேல்தோல் இருக்கில்ல, இதுக்கு மட்டும்தான் அந்த வரி. உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்."

"உரிச்சுக்கிட்டே போனா கடைசியில ஒண்ணும் இருக்காதே கண்ணு."

பெரிய மேசை சிரித்தது. ஜேனீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வரியில் தொடங்கும் பேச்சு வாடகைக்குப் போகும். வாடகையிலிருந்து கரண்ட் பில்லுக்கு. ஹீட்டர் போட்டால் பாதிச் சம்பளம் போகிறது, போடாவிட்டால் விரல் விறைக்கிறது என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள்.

"கதவடியில பழைய துணியைச் சுருட்டி வை. பாதிக் குளிர் நின்னுடும்" என்றார் புளூயி. வைத்துப் பார்த்தாள், நின்றது.

அதற்கப்புறமும் அடுத்த வியாழன் அதே கேள்வி. வெங்காயம் போய் உருளைக்கிழங்கு வந்தது, அதுவும் போய் கேக் துண்டு வந்தது. ஆள் மசியவில்லை.

வெள்ளி மாலை வீட்டுக்குப் போனால் திங்கள் காலை வரை அவள் வாய் திறப்பது, கடையில் சில்லறை கொடுக்கும் பெண்ணுக்கு நன்றி சொல்ல மட்டும்தான். அந்தத் தனிமை அவளைத் தின்றது. மாதக் கடைசியில் மெல்போர்னுக்கே திரும்பிவிடலாம், இங்கே யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நினைப்போடு இருந்த ஒரு வியாழக்கிழமை காலை, வீட்டுக்காரர் போன் செய்து வாடகையை ஏற்றிவிட்டார். அன்றைக்குப் பார்த்து புளூயி கோப்பையோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு, இந்த ஓவர்டைம்..."

"எத்தனை தடவை சொல்றது? சின்னப் பிள்ளைக்குக்கூட இந்நேரம் புரிஞ்சிருக்கும். தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க."

பெரிய மேசை திரும்பிப் பார்த்தது. புளூயி மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"சரி கண்ணு. புரிஞ்சுடுச்சு" என்று எழுந்து போனார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஜேனீன் சாண்ட்விச்சைப் பாதியிலேயே மூடி வைத்தாள். இந்த ஊரில் தன்னைத் தேடி வந்து பேசிய ஒரே மனிதரையும் விரட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மேஸ்திரி டாரிலிடம் போய் நின்றாள்.

"புளூயி எந்த ஷிஃப்ட்? நிஜப் பேரு சொல்லுங்க. மன்னிப்புக் கேக்கணும். அவரோட சம்பளத்தையே எடுத்து வச்சு, இன்னொரு தடவை பொறுமையா விளக்கிடறேன்."

டாரில் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"சம்பளமா? அவரு ரிட்டயர் ஆகி மூணு குளிர்காலம் ஆச்சே. பொண்டாட்டியும் போய்ச் சேர்ந்துட்டாங்க. வியாழக்கிழமை பழைய ஆளுங்களோட ஒரு டீ குடிக்க வருவாரு, அவ்வளவுதான்."

"அப்போ... ஓவர்டைம்?"

"முன்னாடியெல்லாம் எங்க மேசையிலதான் உக்காருவாரு. நீ வந்த புதுசுல, மூலையில தனியா இருக்கிறதைப் பார்த்துட்டு, 'அந்தப் பொண்ணு எதைப் பத்திப் பேசும்?'னு கேட்டாரு. சம்பளம், வரி, அதை விட்டா அதுக்கு வேற எதுவும் தெரியாதுன்னு நாங்கதான் கிண்டல் பண்ணினோம். மறுநிமிஷம் கோப்பையைத் தூக்கிக்கிட்டு உன் மேசைக்கு வந்துட்டாரு."



"இப்போ ஏன் வர்றதில்ல? என் மேல கோவமா?"

"கோவமா? நேத்து போன்ல ஒரே புலம்பல். 'அவசரப்பட்டுப் புரிஞ்சுடுச்சுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன் டாரில், இனிமே அந்தப் பொண்ணுகிட்ட என்னத்தைக் கேக்கறது?'ங்கறாரு."