ஏரிக்கரை மண் கணக்கு

"மணி பதினொண்ணு ஆவுது. மூணு மணிக்குக் கடலூர்ல டெண்டர் பெட்டிய மூடிடுவான். இந்தம்மா இன்னும் கதவையே தொறக்கல பாருய்யா!"

சிதம்பரம் கீழ வீதியில், பூட்டிக் கிடந்த ஒரு மாடி ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார் கான்ட்ராக்டர் அறிவழகன். டிரைவரை விரட்டிக்கொண்டு கடலூரிலிருந்து ஜீப்பில் வந்த எரிச்சல் வேறு. பக்கத்தில் அவருடைய சர்வேயர் தங்கராசு.

குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு ஏரிக்கரையை உயர்த்தும் வேலை. எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு கொட்ட வேண்டும் என்ற கணக்கு கைக்கு வந்தால்தான் டெண்டரில் ரேட் எழுத முடியும். கரையின் மேடு பள்ளத்தை லெவல் கருவி வைத்துப் பார்த்து நோட்டில் எழுதி வருவது தங்கராசு. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு எஸ்டிமேட் தயாரித்துக் கொடுப்பது இந்த ஆபீஸை நடத்தும் ஜெயராணி. இரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

"மொதல்லல்லாம் ரெண்டே நாள்ல குடுத்துடுவாங்க. இந்த ஆறு மாசமா எல்லா வேலைக்கும் இழுத்தடிப்பு. வேற எவனோ ஜாஸ்தி குடுக்கறான்போல."

செல்லில் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜெயராணி ஓட்டமும் நடையுமாகப் படியேறி வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சுடிதாரில் முழங்கால் வரைக்கும் சேறு.

"என்னம்மா, நாத்து நடப் போயிட்டீங்களா?"

"சாரி சார். செல்லுல சார்ஜ் இல்ல. அரை மணி நேரம் குடுங்க, முடிச்சிடறேன்."

உள்ளே போனதும் ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மளமளவென்று தட்ட ஆரம்பித்தார்.

அறிவழகன் விடவில்லை. "திங்கக்கிழம நோட்டு குடுத்தோம். இன்னிக்கு வெள்ளிக்கிழம."

"லெவல இன்னொரு தடவ எடுக்க முடியுமான்னு அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்ணேன் சார்."

"எதுக்கு எடுக்கணும்? பன்னெண்டு வருஷமா எனக்கு லெவல் பாக்கற மனுஷன் இவரு. மூணு நாளு வெயில்ல காஞ்சி எழுதிட்டு வந்தாரு. அத ஃபேனுக்குக் கீழ உக்காந்து டைப் அடிக்க உங்களுக்கு அஞ்சு நாளா?"

பிரிண்டர் கரகரத்தது.

"இதான் கடைசிம்மா. அடுத்த வேலையிலேருந்து மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்கு மெயில்ல அனுப்பிடுவேன். உங்க வாசல்ல வந்து காத்துக்கெடக்க என்னால ஆவாது."

ஜெயராணியின் கை ஒரு கணம் நின்றது. அந்த ஆபீசுக்கு வரும் வேலையில் பாதி அறிவழகனுடையது. "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

தங்கராசு மேஜை மேல் கிடந்த நோட்டை எடுத்தார். மூக்கில் இடிக்கிற மாதிரி முகத்தருகே வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம்.

"சார், மெட்ராசுக்கு அனுப்பாதீங்க."

"நீ என்னய்யா நடுவுல?"

"நான் எழுதுனது தப்பு சார். ரெண்டு கண்ணுலயும் புரை. அளவுகோல்ல இருக்கற மூணும் எட்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. குத்துமதிப்பா எழுதிட்டேன். சொன்னா வேலை போயிடும்னு பயம்." தங்கராசு நோட்டை நீட்டினார். "இந்த நோட்டு என்னுது இல்ல சார். மொத்தக் கரையையும் இந்தம்மாவே போயித் திரும்ப எடுத்திருக்காங்க."

அறிவழகன் ஜெயராணியைப் பார்த்தார். "நெசமாம்மா?"

"கணக்கு எங்கயும் சேரல சார். வாடகைக்கு லெவல் மிஷின் எடுத்துக்கிட்டு, வீட்டுக்காரர அளவுகோலப் புடிக்கச் சொல்லிப் பாத்தேன். இன்னிக்குக் காலையிலதான் முடிஞ்சுது."

"இந்த வேலைக்கு மட்டுமா?"

ஜெயராணி தயங்கினார். "ஆறு மாசமா வந்த எல்லா வேலைக்கும் சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா மறுநாளு இவரு உங்ககிட்ட வேலையில இருந்திருப்பாரா சார்? எனக்கு நாலு திட்டோட போயிடும்னு விட்டுட்டேன்."

கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. அறிவழகன் தாள்களை வாரிக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வேலைக்கும் லெவல நீங்களே எடுங்கம்மா. பஸ்சுல அலையாதீங்க, ஜீப்ப அனுப்பறேன். அதுக்கும் சேத்து பில்லு போடுங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். பின்னாலேயே வந்த தங்கராசுவைப் பார்த்ததும் பழைய கோபம் அப்படியே ஏறிக்கொண்டது.

"யோவ்! இனிமே ஆபீஸ் பக்கம் தல காட்டாத. என் மூஞ்சியிலயே முழிக்காத!"

தங்கராசு கைகூப்பினார். "புரியுது சார்."

"என்னய்யா புரியுது? கடலூர்ல என்னய எறக்கி விட்டுட்டு, டிரைவரோட இதே ஜீப்புல நேரா பாண்டி கண்ணாஸ்பத்திரிக்குப் போ. செலவெல்லாம் எம் பேருல எழுதச் சொல்லு. கட்டுப் பிரிச்சி நல்லாத் தெரியுதுன்னு டாக்டரு சொன்னப்புறம், மொத வேலையா வந்து என் மூஞ்சியில முழி!"