ஹான்காக் மேடேறும் டயர்

என் டயர் கடைக் கவுண்டர் மேல் இரண்டு டயர்களை எடுத்து வைத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கர்ட்டும் அவன் மனைவி மார்சியும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டுமே எல்லாப் பருவத்துக்கும் போடுகிற டயர்தான். ஆனால் ஒன்றின் பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் அச்சடித்திருக்கும். அதை மாட்டினால் பனி கொட்டும்போதும் மேடேறலாம். படம் இல்லாத சாதா டயரைப் போட்டு ஊருக்குள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

நாளை மறுநாள் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. நாளைக் காலையில் இவர்கள் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நூறு மைல் தள்ளியிருக்கும் ஹான்காக்குக்குக் கிளம்ப வேண்டும். கர்ட்டின் அம்மா ஐலி அங்கே மேட்டு உச்சியில் தனியாக இருக்கிறார். நாலு நாள் தங்கல்.

பனிப்பூ டயர் வாங்கினால் போயே ஆக வேண்டும். சாதா வாங்கினால், இதைப் போட்டுக்கொண்டு அந்த மேட்டுப் பக்கம் போய்விடாதீர்கள் என்று நானே சொல்லிவிடுவேன். பயணம் நின்றுவிடும்.

நான் சாதா டயரைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தேன். சத்தம் போடாது, பெட்ரோல் மிச்சம், அறுபதாயிரம் மைல் உழைக்கும். முப்பது வருடமாக டயர் விற்கிறவன் விலை குறைந்ததைத் தூக்கிப் பிடிப்பது எங்கேயும் நடக்காத அதிசயம்.

மார்சி காபி எடுக்க மூலைக்குப் போனாள். கர்ட் உடனே கவுண்டர் மேல் கவிழ்ந்தான்.

"அர்வோ, மான் வேட்டை சீசன் முடிய இன்னும் அஞ்சு நாள்தான். காட்டுக் குடிசையில என் கூட்டாளிங்க எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. அந்த சாதா டயரை எப்படியாவது எங்க தலையில கட்டிடுங்க. நானே கேட்டா, பெத்த தாயைப் பாக்கப் பிடிக்காதவன்னு பேராயிடும்."

வெளியே வண்டிக்குள் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவன் ஓடினான். மார்சி காபியோடு வந்தாள்.

"அர்வோ, ஆஸ்பத்திரியில கெஞ்சிக் கூத்தாடி நாலு நாள் லீவு வாங்கியிருக்கேன். பைஜாமாவைக் கழட்டாம சோபாவுல கெடக்கணும். அங்க போனா தெனம் சாயங்காலம் நீராவிக் குளியல். மாமியாரும் நானும் துணியில்லாம ஒரே பலகையில உக்காரணும். நான் வேணாம்னா, மருமக கெடுத்துட்டாம்பாங்க. அந்த சாதா டயரை நீங்களே பாத்து முடிச்சிடுங்க."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை.

கர்ட் திரும்பி வந்தான். "அப்ப சாதாவே போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தட்டில் கடைசித் துண்டு கேக் இருந்தால் ஆளுக்குப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் எறும்புக்குக்கூடக் காணாத ஒரு துணுக்கு மரியாதைக்கு மிச்சமிருக்கும்.

"மார்சிக்கு எது இஷ்டமோ அது," என்றான் கர்ட்.

"உன் அம்மா வீட்டுக்குப் போற வண்டி. நீயே சொல்லு."

"எனக்கு எதுவானாலும் சரிதான். உனக்குப் பயமில்லாம இருக்கணும்ல?"

"எனக்கென்ன பயம்? அத்தை பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க."

இதற்கு மேல் சாதா டயரைக் கேட்டால் அவன் மகனே இல்லை. கர்ட்டின் விரல் போய்ப் பனிப்பூ மேல் உட்கார்ந்தது.

"நானும் அதைத்தான் நெனச்சேன்," என்றாள் மார்சி. துக்க வீட்டில்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

மாட்ட மூன்று மணி நேரம் ஆகுமே என்று கடைசியாக இழுத்துப் பார்த்தேன். பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிறோம் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு தலையையும் பிடித்து ஒன்றோடு ஒன்று முட்ட வைத்திருப்பேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹான்காக்குக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார் ஐலி.

"எதை வாங்கினாங்க?"

"பனிப்பூவை."



"காலையில போன் பண்ணி உன்கிட்ட என்ன கேட்டேன், அர்வோ? ஒரே ஒரு உதவி. இந்த வருஷமாவது யாருக்கும் சமைச்சுக் கொட்டாம காலை நீட்டிப் படுத்திருக்கலாம்னு பாத்தேன். அவங்க வந்தா தெனம் வெறகு சொமந்து அந்த நீராவி அறையச் சூடாக்கணும். மருமகளுக்கு அதுன்னா உசிரு."

"வர வேணாம்னு நீங்களே சொல்லியிருக்கலாமே."

"பெத்தவ வாயால அதைச் சொல்ல முடியுமா?"

வெளியே கடைப் பையன்கள் சக்கரங்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

"அர்வோ, எங்க வாசல் சரிவுல இன்னிக்கு ராத்திரி தண்ணி ஊத்தி உறைய விட்டா, அந்த டயர் ஏறுமா?"

"எந்த டயரும் ஏறாது," என்றேன். தொழில் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

"அப்ப சரி. கீழேருந்தே கையாட்டிட்டுத் திரும்பட்டும். எத்தனை வாளி ஊத்தணும்?"

சரிவு எத்தனை அடி நீளம் என்று கேட்டேன்.