நிற்கிறவர்

கையில் ஃபைலோடு ஒருவன் கேட்டைத் திறந்துகொண்டு வந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான்.

வேறு யார் பார்ப்பார்கள்? இந்தக் குடியிருப்புக்குள் எது நுழைந்தாலும் முதலில் பார்ப்பவர் அவர். இரண்டாவது மாடி பால்கனி. கம்பியைப் பிடித்தபடி. காலை ஆறு மணியிலிருந்து.

கீழ்வீட்டு வத்சலாவுக்கு இந்த மாதம் இது மூன்றாவது சமையல்காரி. முதல் மாடி மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். மாமனாருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அவர் எதற்காக நிற்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

உட்கார்ந்தால், இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகினாற்போல இருக்கும். படுத்தால் எழுந்திருக்க முக்கால் மணி நேரம். நின்றால் வலிக்காது என்றில்லை. நின்றால் வேடிக்கையாவது பார்க்கலாம்.

டாக்டர் தினம் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பழக்கமாகிவிடும் வகை மாத்திரையாம். இன்சூரன்ஸ் கம்பெனி மாதத்தில் பத்து நாள் மாத்திரைக்குத்தான் பணம் கொடுக்கும். மீதி இருபது நாளுக்குப் பல் இருக்கிறது, கடித்துக்கொள்ள.

இன்று அந்த இருபதில் பன்னிரண்டாவது நாள்.

முப்பது நாளுக்கும் வேண்டும் என்று டாக்டர் கடிதம் போட்டார். வலி அந்த அளவுக்கு உண்டா என்று ஆள் அனுப்பி விசாரிப்பதாகக் கம்பெனி பதில் போட்டது.

அந்த ஆள்தான். சின்ன வயது. கழுத்தில் அடையாள அட்டை.

மேலே வரவில்லை. வத்சலா துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போனான்.

கீழே பேசுவது மேலே கேட்கும். இது அவருக்குத் தெரிந்து நான்கு வருடம் ஆகிறது.

"ரெண்டாவது மாடி சாருக்கு முதுகுவலி, ரொம்ப முடியலைன்னு எழுதியிருக்காங்க மேடம். அப்படித்தானா?"

"யாரு, கேமரா சாரா?"

கேமரா சார்.

இந்தக் குடியிருப்பில் அவருக்குத் தெரியாத சங்கதியும் ஒன்று இருந்திருக்கிறது.

"அவருக்கு என்னங்க வலி. காலையில நின்னார்னா விளக்கு வைக்கற வரைக்கும் தூண் மாதிரி நிப்பார். பாக்கற நமக்குத்தான் கால் வலிக்கும்."

வத்சலா சிரித்தாள். கெட்டவள் இல்லை. சமையல்காரிகளிடம் மட்டும்தான் கண்டிப்பு.

அவன் எழுதிக்கொண்டான். "தனியாவா இருக்கார்? யாராவது வந்து போவாங்களா?"

"யாரும் வந்து நான் பாத்ததில்ல."

அது சரிதான். அவரே பார்த்ததில்லை.

வத்சலா மேலே கை காட்டினாள். அவன் தலையை நிமிர்த்தினான்.

இப்போது உள்ளே போய்ப் படுத்துவிட வேண்டும். பார்க்க வருகிறவனுக்கு அதுதான் சாட்சி.

ஆனால் படுத்துவிட்டால், மணி அடிக்கும்போது எழுந்துபோய்க் கதவைத் திறக்க முடியாது. இரண்டு தரம் அடித்துப் பார்ப்பான். போய்விடுவான்.

காலிங் பெல் கடைசியாக அடித்தது கேஸ் சிலிண்டருக்கு.

அவர் வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு விரலாக. முகத்தைச் சரிசெய்துகொண்டார். கையை ஆட்டினார்.

"வாங்க தம்பி, மேல வாங்க," என்றார், கணீரென்று. "ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போலாம்."

அவன் பதிலுக்குச் சிரித்தான். பிறகு குனிந்து, எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினான்.

பால்கனியிலிருந்து சமையலறை பதினோரு அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். அது கீழிருந்து தெரியாது.

பாலை அடுப்பில் வைக்கும்போது, கேட் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

யாரென்று அவர் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாவது டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்.