தேர் ரம்பம்

"அக்கா! கண்ணாயக்கா! மோசம் போயிட்டீங்க! மாதேஸ்வரன் கொட்டாய்க் கதவைச் சாத்திக்கிட்டு அரம் போடுறானுங்க. உங்க ரம்பத்துல!"

பக்கத்து வீட்டுப் பாவாயி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

கண்ணாயி இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்க்கிறதென்ன? காது இருக்குதில்ல? கிர்ரு கிர்ருன்னு தடம் வரைக்கும் கேக்குது. பல்லை மழுக்குறான் பாவி!"

ஆலத்தூர் நாட்டுக் கோயிலுக்குப் புதுத் தேர் செய்கிறார்கள். தேர் மரத்தில் வெறும் ரம்பம் படக்கூடாது. பூவேலை செய்த புது ரம்பம்தான் படவேண்டும். பன்னிரண்டு தச்சர்களுக்கும் அதைச் செய்து தரப்போவது யார்? செம்மேட்டுச் சந்தையில் இன்று உச்சிப் பொழுதுக்குத் தெரிந்துவிடும்.

போட்டிக்கு இரண்டே பேர். இருபது வருஷமாய் ரம்பம் செய்கிற மாதேஸ்வரன். போன மழையில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த கண்ணாயி.

புருஷன் இருந்தவரை ரம்பம் செய்தது அவன்; கைப்பிடிக்குக் கொடியும் பூவும் வரைந்து கொடுப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். இந்தப் போட்டி ரம்பம் ஒன்றைத்தான் முழுக்கத் தானே செய்திருந்தாள். வெள்ளைக்காரன் சண்டைக்கு இரும்பெல்லாம் கப்பலேறிய வருஷம். மரம் அறுக்கிற பழைய பெரிய வாளை வெட்டித்தான் அலகு கிடைத்தது. ஈட்டி மரத்தில் மயில் கழுத்துப் போலக் கைப்பிடி. அதில் பித்தளைக் கம்பி பதித்து மிளகுக்கொடி. பார்த்தவர்கள் எல்லாம் ஒரு தரம் தடவிப் பார்த்தார்கள்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டறை உலையை மூடிவிட்டு, குழந்தையோடு அடிவாரத்தில் அண்ணன் வீட்டில் அண்டிக் கிடக்கவேண்டியதுதான். அண்ணியின் வாய் அவளுக்குத் தெரியும்.

போட்டியில் ஒரு முறை உண்டு. ஜெயித்தது கையா, ரம்பமா என்ற சந்தேகம் வரக்கூடாது. அதனால் காலையிலேயே இருவரும் ரம்பத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அவன் ரம்பத்தால் இவள் அறுக்கவேண்டும். இவள் ரம்பத்தால் அவன். எந்த ரம்பம் முதலில் கட்டையைத் துண்டாக்குகிறதோ, அதைச் செய்தவருக்கு வேலை.

"அவன் உங்களுதைக் கெடுப்பான், அவனுது மட்டும் கூரா இருக்கோணுமாக்கும்?" மூலையில் சாத்தியிருந்த மாதேஸ்வரனின் ரம்பத்தைப் பாவாயி காட்டினாள். யாளித் தலைக் கைப்பிடி முறைத்துக்கொண்டிருந்தது.

கண்ணாயி அம்மிக்கல்லைப் பார்த்தாள். குழந்தையைப் பாவாயி கையில் கொடுத்தாள்.

கல்லின் மேல் அந்த ரம்பத்தை நாலே இழுப்பு. பல் நுனியெல்லாம் மழுங்கிவிட்டது.

சந்தையில் கூட்டம் நெரிந்தது. கற்பூரம் கொளுத்தி, "முழு பலத்தோட அறுக்கிறோம்" என்று இருவரையும் சத்தியம் செய்யச் சொன்னார் நாட்டுத் தலைவரான பட்டக்காரர். கண்ணாயி குரல் பிசகாமல் சொன்னாள். பலத்தைப் பற்றித்தானே சத்தியம்!

"அம்மிணிக்குச் சின்னக் கட்டையாப் போடுங்கப்பா. ஆம்பளை கை வேற, அது கை வேற" என்றார் அவர். போட்டார்கள்.

"மாதேசு! பொம்பளை செஞ்ச ரம்பம். பார்த்துப் புடி, வளையல் ஒடைஞ்சிரும்!" என்று எவனோ கத்தினான்.

"மொதல்ல உன் வாயை அறுக்கோணும்டா!" என்றான் மாதேஸ்வரன்.

கொட்டு முழங்கியது.

சர்ர்... சர்ர்... இரண்டு ரம்பமும் ஒரே சமயத்தில் மரத்தைக் கடித்தன. கண்ணாயி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கண் மட்டும் அந்தப் பக்கமே இருந்தது. இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று பார்த்தாள்.

நிற்கவில்லை. மயில் கழுத்து மேலும் கீழும் பறந்தது. மரத்தூள் மழையாய்க் கொட்டியது.

"உடாதே! உடாதே! இன்னும் நாலு விரக்கடை!"

தடால்!

மாதேஸ்வரன் அறுத்த கட்டை விழுந்தபோது கண்ணாயியின் கட்டை பாதிகூடத் தாண்டவில்லை.

"கண்ணாயி ரம்பம்! கண்ணாயி ரம்பம்!" தோள் துண்டுகள் மேலே பறந்தன. பாவாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். கண்ணாயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. அவன் கெடுத்தும் ஜெயித்துவிட்டதே!

பட்டக்காரர் கையை உயர்த்தினார். எதிராளி ரம்பத்தின் குறையைச் சபையில் சொல்லிவிட்டுத்தான் அதைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் முறை.

"அம்மிணி, நீ சொல்லு. மாதேஸ்வரன் ரம்பத்துல என்ன குறை?"

ஒரு கணம்தான் தயங்கினாள். "பல்லு மொண்ணைங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இருவது வருசமாச் செஞ்சு மொண்ணை ரம்பமாடா, மாதேசு?"

மாதேஸ்வரன் தன் ரம்பத்தை வாங்கிப் பல்லின் மேல் கட்டை விரலை ஓட்டினான். ஒரு முறை. மறு முறை. கண்ணாயியை நிமிர்ந்து பார்த்தான். பாவாயி கையில் இருந்த குழந்தையையும் பார்த்தான்.

"மாதேஸ்வரா, நீ சொல்லப்பா. கண்ணாயி ரம்பத்துல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. அந்த மிளகுக்கொடி சத்தியமா என் கைக்கு வராதுங்க."

கூட்டம் மறுபடி ஆரவாரித்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ரம்பத்தை நீட்டிக்கொண்டே சொன்னான்:

"அம்மிணி, பல்லை ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு சாய்க்க மறந்துட்டே. சாய்க்காட்டி குச்சியை அறுக்கும், கட்டையில சிக்கிக்கும். காலையில நாந்தான் சாய்ச்சு, அரம் போட்டு உட்டேன். பன்னண்டு ரம்பத்துக்கும் மறந்துராதே."