காலி நாற்காலியின் கனம்

அந்த விமான நிலையம் எவ்வளவு சின்னது என்றால், விமானம் இறங்கினால் தலை ஓடுபாதையில் இருக்கும், வால் வேலிக்கு வெளியே நிற்கும். அங்கே சக்கர நாற்காலி தள்ளுபவருக்கு, மனைவி இறந்ததிலிருந்து காலி நாற்காலியும் யானையாய்க் கனத்தது.

"என்னண்ணே, காலி வண்டிக்கே நாக்குத் தள்ளுது?" என்று சிரித்தான் பெட்டி ஏற்றுபவன்.

"உங்க அண்ணிய ஒரு தடவையாவது பிளேன்ல ஏத்துறேன்னு சொல்லியிருந்தேன்டா. ஏமாத்திட்டேன்."

அன்று மதியம் மனசு கேட்காமல், காலி நாற்காலியை விமானத்தின் வாசல்வரை தள்ளிப்போனார். பணிப்பெண் அந்தக் காலி நாற்காலியை நோக்கிக் குனிந்து கைநீட்டினாள்.

"வாங்கம்மா, உங்களுக்கு ஜன்னலோர சீட்டு."

கதவு மூடியது. நாற்காலி பஞ்சாய் லேசாகிவிட்டது. விமானம் மேலேறும்வரை அண்ணாந்து பார்த்தவர், பிரேக் போட்டுவிட்டு, முதன்முறையாக அதில் தானே உட்கார்ந்தார்.